போன் படங்களை நேராக வெளி டிரைவில் சேர்ப்பது: கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோ பிரிண்ட், லேமினேஷன், ஜெராக்ஸ். அப்பா காலத்தில் அது ஸ்டூடியோ. இப்போது படம் எடுத்துக்கொள்ள யாரும் வருவதில்லை. எடுத்த படத்தை எங்கே வைப்பது என்று கேட்கத்தான் வருகிறார்கள். "அக்கா, போன் ஃபுல்லுன்னு காட்டுது" என்று ஆரம்பிக்கும் பேச்சு அரை மணி நேரம் ஓடும். ஜீப் ஓட்டுகிறவர்கள், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள், பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டையோடு வரும் அண்ணன்கள், சீசனில் வெளியூர்க்காரர்கள், எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தொண்டை வலிக்கு மருந்தாக இதை எழுதி வைக்கிறேன்.

படம் எடுக்கும்போதே நேராக பென் டிரைவில் போய் விழுமா?

பெரும்பாலான போன்களில் விழாது. "நேரடியாகச் சேமிக்கலாம்" என்று அட்டையில் அச்சடித்த டிரைவை வாங்கி வந்து செருகி, கேமராவைத் திறந்து பத்து படம் எடுத்துவிட்டு, எல்லாம் இன்னும் போனுக்குள்ளேயே கிடக்கிறது என்று என்னிடம் கோபப்பட்டவர்கள் உண்டு. அட்டை சொல்லும் 'நேரடி' வேறு. நடுவில் கம்ப்யூட்டர் இல்லாமல் போனிலிருந்து டிரைவுக்குக் காப்பி செய்யலாம், அவ்வளவுதான் அதற்குப் பொருள்.

போனோடு வரும் கேமராவுக்குப் பொதுவாக இரண்டு இடம்தான் தெரியும். ஒன்று போனின் உள் சேமிப்பு. இன்னொன்று, கார்டு போட வசதி இருந்தால், மெமரி கார்டு. வெளியே தொங்கும் டிரைவை அது கண்டுகொள்ளாது.

ஆண்ட்ராய்டில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியில் படம் எந்த ஃபோல்டரில் சேர வேண்டும் என்று நாமே காட்டலாம். அதன் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் ஆக்சஸ் ஃபிரேம்வொர்க்' என்பதை ஆன் செய்தால் ஃபோல்டர் கேட்கும். அந்தப் பட்டியலில் பென் டிரைவும் தெரிந்தால் அதைக் காட்டிவிடலாம். என் போனில் வேலை செய்கிறது. தம்பியின் போன் அதே ஆண்ட்ராய்டுதான், பிடிவாதம் பிடிக்கிறது.

ஐபோனில் ஆப்பிளின் சொந்தக் கேமராவில் இது வீடியோவுக்கு மட்டும், அதிலும் ஒரே ஒரு வகைக்கு. ஐபோன் 15 ப்ரோ முதல் வந்த ப்ரோ மாடல்களில், ப்ரோரெஸ் என்ற பெரிய வீடியோவை எடுக்கும்போது அது வெளி டிரைவிலேயே பதிவாகும். டிரைவ் வினாடிக்கு 220 எம்.பி-யாவது எழுத வேண்டும், கேபிள் 10 ஜி.பி.பி.எஸ் வேகம் தாங்க வேண்டும். 4கே ப்ரோரெஸ் நிமிடத்துக்குச் சுமார் 6 ஜி.பி தின்னும். கல்யாண வீடியோ எடுக்கிறவர் யோசிக்கலாம். கோக்கர்ஸ் வாக்கில் பிள்ளைகளை நிற்கவைத்து எடுக்கிறவருக்கு இது வேண்டாத வேலை. சாதாரணப் படம் எப்படியும் போனுக்குள்தான் போகும்.

உண்மையைச் சொன்னால், முடிந்தாலும் நான் இப்படி எடுக்கமாட்டேன். பூம்பாறை ரோட்டில் ஜீப் குலுங்குகிற குலுக்கலில் செருகியிருக்கும் டிரைவ் அரை நொடி ஆடினால் போதும், எழுதிக்கொண்டிருந்த படம் பாதியில் நிற்கும். வீடியோ என்றால் மொத்தமும் திறக்காமல் போகலாம். பகலில் போனில் எடுங்கள், ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து டிரைவுக்கு மாற்றுங்கள். இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் அந்த ராத்திரி வேலையைப் பற்றித்தான்.

அப்படியென்றால் மெமரி கார்டு போதாதா?

உங்கள் போனில் கார்டு போடும் இடம் இருந்தால் நல்ல வழி. கேமரா செட்டிங்ஸில் சேமிக்கும் இடத்தை கார்டு என்று மாற்றினால் படம் நிஜமாகவே நேராகப் போய்விடும். ஒன்றில் மட்டும் கவனம். கார்டைப் போட்டதும் சில போன்கள் 'உள் சேமிப்பாகப் பயன்படுத்தவா?' என்று கேட்கும். ஆம் என்று அமுக்கினால் அந்தக் கார்டு அந்தப் போனுக்கு மட்டும் புரியும்படி பூட்டப்படும். போன் செத்தால் கார்டைக் கழற்றி வேறு எதில் போட்டாலும் திறக்காது. 'போர்ட்டபிள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

புதுப் போன்கள் பலவற்றில் இப்போது அந்த இடமே இல்லை.

என்ன வாங்குவது? பென் டிரைவா, எஸ்.எஸ்.டி-யா, பழைய ஹார்ட் டிஸ்க்கா?

மாதம் சில நூறு படம் எடுக்கிறவருக்கு, ஒரு முனை டைப்-சி, மறு முனை சாதாரண யு.எஸ்.பி என்று இரண்டு தலை உள்ள பென் டிரைவ் போதும். போனிலும் செருகலாம், என் கடைக் கம்ப்யூட்டரிலும் செருகலாம். வீடியோ நிறைய எடுக்கிறவர், ஹோம்ஸ்டே நடத்துகிறவர், யூடியூப் செய்கிற பிள்ளைகள் எஸ்.எஸ்.டி-க்குப் போகலாம். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும், உள்ளே சுழலும் பாகம் எதுவும் கிடையாது, கை தவறினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் மலிவு. ஆனால் போனுக்குச் சரிப்படாது. தட்டு சுழலத் தொடங்கும்போது அது இழுக்கும் கரண்டைப் பல போன்களால் கொடுக்க முடிவதில்லை. டைப்-சி ஐபோன் கொடுப்பதே 4.5 வாட்தான். டிஸ்க் க்ளிக் க்ளிக் என்று சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், கரண்ட் தனியாக வாங்கும் யு.எஸ்.பி ஹப் வழியாக மாட்டுங்கள். அல்லது கம்ப்யூட்டரில் இரண்டாவது காப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வண்டியில் கூவி விற்கும் '2 டி.பி' பென் டிரைவை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்காதீர்கள். நானும் ஒன்று வாங்கினேன். கீழே சமவெளியில், ஊர்ப் பெயர் வேண்டாம். போன் அதை 2 டி.பி என்றுதான் காட்டியது. படங்களும் ஏறின. பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. திறந்தால் சாம்பல் கட்டம். உள்ளே இருந்த சிப் 32 ஜி.பி-யோ என்னவோ, வெளியே பொய் சொல்லும்படி செய்து வைத்திருக்கிறார்கள். இடம் தீர்ந்த பிறகும் அது 'சரி, சரி' என்று வாங்கிக்கொண்டே இருக்கும், எதையும் வைத்துக்கொள்ளாது. சந்தேகம் இருந்தால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலை ஓட்டுங்கள். டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். ராத்திரி முழுக்க ஓடினாலும் ஓடும், அது பரவாயில்லை.

எத்தனை ஜி.பி தேவைப்படும்?

சாதாரண 12 மெகாபிக்சல் படம் 2-லிருந்து 5 எம்.பி. ஆயிரம் படத்துக்கு 4 ஜி.பி என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் பிரச்சினையே இல்லை, வீடியோதான் இடத்தை விழுங்குகிறது. ஐபோன் கணக்கில் 4கே, வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் புது வகை ஃபைலில் (செட்டிங்ஸில் 'ஹை எஃபிஷியன்சி') நிமிடத்துக்கு 170 எம்.பி, பழைய வகையில் ('மோஸ்ட் கம்பாட்டிபிள்') 350 எம்.பி. ஒரு காதுகுத்துக்கு இரண்டு மணி நேரம் எடுத்தால் 20 ஜி.பி, அல்லது 42. அதையே 1080-ல் புது வகையில் எடுத்தால் 7 ஜி.பி-தான். டி.வி-யில் போட்டுப் பார்க்க 1080 தாராளம். வீட்டு விசேஷத்தை 4கே-யில் எடுத்து, பிறகு இடம் இல்லை என்று அழுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

செருகினேன், போனில் ஒன்றுமே வரவில்லை. டிரைவ் போச்சா?

பத்தில் எட்டு தடவை டிரைவ் நன்றாகத்தான் இருக்கும். நான் கடையில் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் போனின் ஓட்டை. உருளைக்கிழங்குக் காட்டில் வேலை செய்கிறவர்களின் சட்டைப் பையில் இருக்கும் போனில், டைப்-சி ஓட்டைக்குள் மண்ணும் பஞ்சும் இறுகிக் கிடக்கும். சார்ஜ் ஏறும், டிரைவ் மட்டும் பிடிக்காது. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம்.

அடுத்தது கேபிள். சார்ஜருடன் வரும் சில மலிவுக் கேபிளில் கரண்ட் போகும் கம்பி மட்டும்தான் இருக்கும், தகவல் போகும் கம்பி இருக்காது. வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். கையில் கம்ப்யூட்டர் மவுஸ் இருந்தால் அதே அடாப்டரில் மாட்டுங்கள். போன் திரையில் அம்புக்குறி வந்தால் போனும் அடாப்டரும் சரி.

பிறகு ஓ.டி.ஜி சுவிட்ச். போனில் டிரைவ், மவுஸ் போன்றவற்றை நேராக மாட்ட விடும் வசதிக்குத்தான் அந்தப் பெயர். ஓப்போ, ரியல்மீ, ஒன்பிளஸ், விவோ போன்கள் பலவற்றில் ஓ.டி.ஜி என்று தனியாக ஒன்றை செட்டிங்ஸில் ஆன் செய்ய வேண்டும். பத்து நிமிடம் சும்மா விட்டால் அதுவாகவே ஆஃப் ஆகிவிடும் மாடல்களும் உண்டு. "நேத்து வந்துச்சுக்கா, இன்னைக்கு வரல" என்று வருகிறவர்களின் கதை அநேகமாக இதுதான். செட்டிங்ஸின் தேடும் பெட்டியில் ஓ.டி.ஜி என்று தட்டினால் கிடைக்கும்.

கடைசியாக ஃபார்மேட், அதாவது டிரைவுக்குள் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை. கம்ப்யூட்டருக்காக என்.டி.எஃப்.எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கைப் பல போன்கள் ஏற்காது, அல்லது படிக்கும், எழுதாது. அதற்குத்தான் அடுத்த கேள்வி.

எந்த ஃபார்மேட்டில் வைக்க வேண்டும்?

எக்ஸ்ஃபேட். ஐபோன், புது ஆண்ட்ராய்டு, விண்டோஸ், மேக் எல்லாமே படிக்கும், எழுதும். ரொம்பப் பழைய ஆண்ட்ராய்டு எக்ஸ்ஃபேட்டைக் கண்டு முழித்தால் ஃபேட்32. ஆனால் ஃபேட்32-ல் ஒரே ஃபைல் 4 ஜி.பி-யைத் தாண்டக் கூடாது, நீள வீடியோ அங்கேயே முட்டி நிற்கும்.

ஃபார்மேட் என்றால் டிரைவில் உள்ள அத்தனையும் அழியும். இதைச் சொன்ன பிறகும் "பழைய படமெல்லாம் இருக்கும்ல?" என்று கேட்கிறார்கள். இருக்காது.

ஆண்ட்ராய்டில் எப்படிக் காப்பி செய்வது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

டிரைவைச் செருகியதும் மேலே ஒரு அறிவிப்பு வரும். வராவிட்டால் ஃபைல்ஸ் செயலியைத் திறங்கள். சாம்சங்கில் மை ஃபைல்ஸ் என்று இருக்கும். உள் சேமிப்புக்குள் போய் டி.சி.ஐ.எம், அதற்குள் கேமரா. உங்கள் படங்கள் அங்கே இருக்கின்றன. ஒன்றை அழுத்திப் பிடித்து, மற்றவற்றையும் தேர்ந்தெடுத்து, 'காப்பி' கொடுத்து, டிரைவில் ஒரு ஃபோல்டர் திறந்து அங்கே ஒட்டுங்கள். ஃபோல்டருக்கு '2025-05 கோடை' என்பது போல வருடம் முன்னால், மாதம் பின்னால் வையுங்கள். பத்து வருடம் கழித்தும் தானாக வரிசையில் நிற்கும். 'புது ஃபோல்டர் 7' என்று வைத்தால் உங்கள் பேரன் திட்டுவான்.

அந்தக் காப்பிக்குப் பக்கத்திலேயே 'மூவ்' என்று ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் இந்தக் கேமரா ஃபோல்டரில் இருக்காது. உள் சேமிப்பில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப் என்று உள்ளே உள்ளே போக வேண்டும். ஐந்தாயிரம் படத்தையும் ஒரே மூச்சில் அனுப்பாதீர்கள், மாதம் மாதமாக அனுப்புங்கள். பழைய யு.எஸ்.பி 2 பென் டிரைவ் வினாடிக்கு 30 எம்.பி எழுதினாலே பெரிது, 100 ஜி.பி-க்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கும்போது ஆரம்பியுங்கள். டிரைவ் போனிலிருந்துதான் கரண்ட் குடிக்கிறது.

முடிந்ததும் அறிவிப்பில் 'எஜெக்ட்' அமுக்கிவிட்டுப் பிடுங்குங்கள்.

ஐபோனில்?

போட்டோஸில் படங்களைத் தேர்ந்தெடுத்து, பகிரும் குறியை அமுக்கி, கீழே இறங்கினால் 'எக்ஸ்போர்ட் அன்மாடிஃபைட் ஒரிஜினல்' இருக்கும். அதைத் தட்டி டிரைவைக் காட்டுங்கள். 'சேவ் டு ஃபைல்ஸ்' என்பதும் வேலை செய்யும், ஆனால் முதலில் சொன்னதுதான் எடுத்தது எடுத்தபடியே தரும். லைவ் படம் என்றால் படம் ஒன்று, குட்டி வீடியோ ஒன்று என்று இரண்டு ஃபைலாக வரும். பயப்பட வேண்டாம்.

மலையில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல். ஐகிளவுட் ஆன் ஆகி, இடத்தை மிச்சப்படுத்தும் 'ஆப்டிமைஸ்' வசதியும் ஆன் ஆகியிருந்தால், போனில் தெரிவது சிறு பிரதி மட்டும்தான். அசல் ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. டிரைவுக்கு அனுப்பும்போது போன் ஒவ்வொன்றையும் நெட்டிலிருந்து இறக்கும். மன்னவனூரில் ஒரு கோட்டு சிக்னலை வைத்துக்கொண்டு இதை ஆரம்பித்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நல்ல வைஃபை உள்ள இடத்தில் செய்யுங்கள்.

எச்.இ.ஐ.சி என்று முடியும் படங்கள் சில பழைய கம்ப்யூட்டரில் திறக்காது. ஐபோன் 2017 முதல் அப்படித்தான் எடுக்கிறது. பிரிண்ட் போட அடிக்கடி வருகிறவர் என்றால் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிவிடுங்கள். இனிமேல் எடுப்பது ஜேபெக்காக வரும், அளவு கூடும்.

டிரைவில் ஏற்றியாச்சு. இப்போ போனில் டெலீட் செய்யலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே.

ஒரு வருடம் பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் தேருக்குப் போயிருந்தேன். பனி விலகாத காலையில், தேர் தெருவில் திரும்பும்போது எடுத்த படங்கள். அப்பா அந்தக் கூட்டத்தில் வடம் பிடித்துக்கொண்டு நிற்பார். அதுதான் அவர் கடைசியாகப் போன தேர். வீட்டுக்கு வந்து அவசரமாக 'மூவ்' கொடுத்தேன். பாதியில் யாரோ கூப்பிட, போனைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன், டிரைவ் கழன்று விழுந்தது. போனிலிருந்து அழிந்தவை அழிந்தவைதான். டிரைவில் இருநூறு பெயர்கள் இருந்தன. பாதிக்கு மேல் 0 கே.பி. அப்பா நிற்கிற படம் ஒன்றே ஒன்று தப்பியது, அதுவும் என் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததால்.

அதனால் என் வழக்கம் இது. காப்பி மட்டும் செய்வேன். முடிந்ததும் போன் ஃபோல்டரிலும் டிரைவ் ஃபோல்டரிலும் எத்தனை படம், மொத்தம் எவ்வளவு அளவு என்று ஒப்பிடுவேன். முதல் படம், நடுவில் ஒன்று, கடைசிப் படம் மூன்றையும் டிரைவிலிருந்தே திறந்து பெரிதாக்கிப் பார்ப்பேன். வீடியோவை நடுவிலிருந்து ஓட்டிப் பார்ப்பேன். டிரைவைக் கழற்றி வேறு ஒரு போனிலோ கம்ப்யூட்டரிலோ மாட்டி மறுபடி பார்ப்பேன். இரண்டாவது டிரைவிலும் ஏறிய பிறகுதான் போனில் டெலீட். அதுவரை போனில் இடம் இல்லை என்றால், அழிக்க வேண்டியது வாட்ஸ்அப்பில் வந்த 'காலை வணக்கம்' படங்களை. தைரியமாக அழிக்கலாம், நாளைக்கும் வரும்.

அழிக்கும் இடமும் முக்கியம். கூகுள் போட்டோஸுக்குள் போய் ஒரு படத்தை டெலீட் செய்தால் போனிலும் போகும், கூகுளிலும் போகும். போனில் மட்டும் இடம் விடுவிக்க அதே செயலியில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனியாக இருக்கிறது. ஐகிளவுட் ஆன் ஆகியிருக்கும் ஐபோனிலும் இதே கதை, போனில் அழித்தால் அங்கேயும் அழியும். தவறிவிட்டால் உடனே குப்பைத் தொட்டியைப் பாருங்கள். ஐபோனில் 30 நாள், கூகுளில் பேக்கப் ஆன படம் 60 நாள் அங்கே இருக்கும்.

கூகுள் போட்டோஸ் இருக்கும்போது டிரைவ் எதற்கு?

இரண்டும் இருக்கட்டும் என்பேன். ஆனால் 2021 ஜூன் 1 முதல் கூகுளில் கணக்கற்ற இலவச இடம் கிடையாது. மெயில், கூகுள் டிரைவ், படம் எல்லாம் சேர்த்து 15 ஜி.பி. ஆப்பிளில் 5. அது போக, கூக்கால், கவுஞ்சி, கிளாவரைப் பக்கம் இருக்கிறவர்களின் போனில் 'பேக்கப் ஆக 1,840 படம் பாக்கி' என்று மாதக்கணக்கில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாம் ஏறிவிட்டது என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பாக்கி எண்ணை ஒருமுறை திறந்து பாருங்கள்.

நம்ம ஊர்ப் பனிக்கும் ஈரத்துக்கும் டிரைவ் கெட்டுப்போகாதா?

குளிர் பெரிய எதிரி இல்லை. ஈரம்தான். அப்பாவின் நெகட்டிவ்களை பிஸ்கட் டின்னில் போட்டு பரணில் வைத்திருந்தோம். ஐப்பசி, கார்த்திகை மழை நாலைந்து வருடம் அதன் மேல் கடந்தது. திறந்தபோது பூஞ்சை கோலம் போட்டிருந்தது. டிரைவில் பூஞ்சை படத்தைத் தின்னாது, ஆனால் செருகும் முனையின் உலோகம் கறுத்துப்போகும், உள்ளே ஈரம் இறங்கினால் சிப்பும் போகும்.

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீல மணி உள்ள வகை என்றால், அது இளஞ்சிவப்பானதும் மாற்றிவிடுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். தவிட்டுத் தூள் ஓட்டைக்குள் போய் உட்காரும்.

மார்கழி ராத்திரியில் வெளியே வண்டியில் கிடந்த டிரைவை அடுப்படிக்குக் கொண்டுவந்து உடனே செருகாதீர்கள். குளிர்ந்த கண்ணாடி டம்ளரில் வேர்ப்பது போல அதன் மேலும் உள்ளேயும் நீர் கோத்திருக்கும். பையோடு அரை மணி நேரம் அறையில் வைத்துவிட்டு, பிறகு மாட்டுங்கள். கடுங்குளிரில் போன் பாட்டரியும் 30 சதவீதத்திலிருந்து திடீரென்று அணையும். காப்பி ஓடும்போது அப்படி ஆனால் வம்பு. சூடான அறையில் செய்யுங்கள்.

மலை உயரத்தில் ஹார்ட் டிஸ்க் ஓடுமா என்று ஒரு காலேஜ் பையன் கேட்டான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். நியாயமான கேள்விதான். சுழலும் டிஸ்க்கில் படிக்கும் முனை, தட்டின் மேல் மெல்லிய காற்றுப் படுகையில் மிதக்கிறது. காற்று மிகவும் மெலிந்தால் முனை தட்டைத் தொட்டுவிடும். அதனால் தயாரிப்பாளர்கள் உயர வரம்பு போடுகிறார்கள், வழக்கமாக 3,000 மீட்டரை ஒட்டி. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். தாராளமாக ஓடும். லடாக் போகிற பைக்காரர்கள்தான் யோசிக்க வேண்டும். எஸ்.எஸ்.டி-யில் மிதக்க எதுவும் இல்லை.

2018 குறிஞ்சி படங்கள் வைத்திருக்கிறேன். 2030 வரை டிரைவில் இருக்குமா?

டிரைவில் போட்டு பீரோவில் பூட்டிவிட்டு 2030-ல் எடுக்கலாம் என்றால், நான் உத்தரவாதம் தரமாட்டேன். பென் டிரைவும் எஸ்.எஸ்.டி-யும் படத்தை மின்னூட்டமாக வைத்திருக்கின்றன. வருடக்கணக்கில் கரண்டே காட்டாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி, நாலு படம் திறந்து பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புது டிரைவுக்கு மாற்றுங்கள். பழையதையும் தூக்கி எறியாதீர்கள்.

நம் ஊர் சூரிய ஆய்வகத்தில் இதைத்தான் பெரிய அளவில் செய்தார்கள். 1899-ல் தொடங்கிய இடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படமெடுத்து, கண்ணாடித் தட்டிலும் ஃபிலிமிலும் சேர்த்து வைத்தார்கள். நூறு வருடத்துத் தொகுப்பை டிஜிட்டலாக மாற்றியும் வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தட்டு அத்தனை வருடம் தாங்கியும், அது ஒன்று போதும் என்று விட்டுவிடவில்லை பாருங்கள்.

போட்டோகிராபர்களிடம் 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். வேறு ஊர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: குறிஞ்சி பூத்து முடிந்த அதே 2018 நவம்பரில்தான் கஜா புயல் வந்தது. மரம் விழுந்து, ரோடு அடைபட்டு, கரண்ட் இல்லாமல் கிடந்தோம். ஓடு பறந்த வீடுகளில் மேசை மேல் இருந்தது எல்லாம் நனைந்தது. என் மூன்றாவது டிரைவ் வத்தலக்குண்டில் தங்கச்சி வீட்டுப் பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது புதுசைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருவேன். அவளுக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது, தெரியவும் வேண்டாம்.

டிரைவ் தொலைந்தால் யாராவது படத்தைப் பார்த்துவிடுவார்களே?

பார்த்துவிடுவார்கள். சாதாரண பென் டிரைவுக்குப் பூட்டு கிடையாது. சில எஸ்.எஸ்.டி-களுக்குக் கம்பெனி தரும் செயலியில் பாஸ்வேர்ட் போடலாம். போடுவதற்கு முன் அந்தச் செயலி உங்கள் போனிலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஓடுகிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்ட் மறந்தால் என்னாலும் திறக்க முடியாது. ஆதார், பத்திரம், பாங்க் புத்தகம் இவற்றின் படங்களைக் குடும்பப் படங்களோடு ஒரே டிரைவில் கலக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி வைத்துக்கொண்டால் போதாதா?

சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களும் போய்விடும். போனில் பார்க்க நன்றாக இருக்கும், 12x18 பிரிண்ட் கேட்டால் முகத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். வேறு வழியே இல்லை என்றால் 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்கள், அசல் அப்படியே போகும்.

நீங்களே மாற்றித் தருவீர்களா அக்கா?

தருவேன். டிரைவையும் போனையும் சார்ஜரையும் கொண்டு வாருங்கள். நீங்களும் கூடவே உட்கார வேண்டும், போனை விட்டுவிட்டுப் போனால் வாங்கமாட்டேன். அடுத்தவர் படத்தை எண்ணிப் பார்க்க எனக்கு இஷ்டம் இல்லை. சீசன் மாதங்களில் காலை பத்து மணிக்கு முன் வந்தால் நிதானமாகச் செய்யலாம். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை. மழைக் காலத்தில் கரண்ட் இருக்கிறதா என்று போன் அடித்துக் கேட்டுவிட்டு வாருங்கள்.